கறிக்கோழிகளின் பசி

தட்டைத் தரையில் வைத்து நிமிர்வதற்குள் தீனி காலி. கோழிகள் தலையைத் தூக்கி ஷெட்டுக்காரரின் கையைப் பார்த்தன. கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் செருப்பைக் கொத்தின, கால்சட்டையின் விளிம்பைக் கொத்தின. ஒருத்தி அவர் கட்டைவிரல் நகத்தையே சோளமணி என்று நினைத்துக் கொத்திப் பார்த்தாள். "அவ்வளவுதான்டி, போங்க" என்றார். ஒன்றும் நகரவில்லை. அவர்தான் நகர வேண்டியிருந்தது. வேலிவரை போனார், திரும்பினார், ஏற்கெனவே இறுக்கிய கம்பியை மறுபடியும் இறுக்கினார். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் நாற்காலி சுட்டது.

ஷெட் மூடி மாதங்கள் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விடவில்லை. பாதி ஆயுளை பிராய்லர் பண்ணையில் தீனி போட்டே கழித்தவர். முதலாளி பண்ணையை இழுத்து மூடிய அன்று, கடைசி லாரி ஏற்றாமல் விட்டுப்போன சவலைக் கோழிகள் சில ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. எடை வராதவை, காலைச் சாய்த்து நடப்பவை. "இதுங்கள என்னங்க பண்றது?" என்று கேட்டார். "என்னமோ பண்ணுய்யா" என்றார் முதலாளி, பூட்டைத் தேடிக்கொண்டே. சேவல்களைக் கறிக்கடை வைத்திருக்கும் மச்சினனிடம் கொடுத்துவிட்டு, பெட்டைகளை வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் திறந்துவிட்டார். கறிக்கோழியை முட்டைக்கு வளர்க்கிறாராம் என்று தெரு சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் அது சிரிக்கிற காரியமாக இல்லை. அந்தச் சாதிக் கோழிக்கு வயிறு நிறைந்தது என்றே தெரியாது. போடப் போடத் தின்னும். எலும்பையும் இதயத்தையும் முந்திக்கொண்டு சதை வளரும். இரண்டு மாதத்துக்குள் வெட்டுவதற்கென்றே பிறந்த உடம்பு அது. முட்டை வைக்கிற வயதுவரை உயிரோடு நிறுத்த வேண்டுமென்றால் ஒரே வழி, வயிற்றைக் காயப்போட வேண்டும். காலையில் அளந்து ஒரு வேளை, அதோடு சரி. மற்றபடி புல்லோ புழுவோ, நடந்து தேடிக்கொள்ளட்டும். ஷெட்டில் விளக்கணைக்காமல் தின்னவைத்த அதே கை இப்போது தட்டைப் பிடுங்கியது. நாள் முழுக்க அவை அவர் பின்னாலேயே, கனத்த மார்பைச் சுமந்து, ஆடி ஆடி அலைந்தன. அந்தக் கூப்பாடு வீட்டுக்குள்ளும் கேட்டது.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நீராவியில் வெந்து, விரல்நுனி வெளுத்து வீடு திரும்புவாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கோழிகள் கத்த ஆரம்பிக்கும்.

"வயித்துல அடிச்சு வளர்த்து அப்படி என்ன முட்டை வேண்டியிருக்கு?" என்பாள்.

"பட்டினி இல்ல. அளவு."

"அத அதுங்ககிட்ட சொல்லுங்க."

ஒரு மாலை அவர் தவிடு வாங்கித் திரும்பியபோது, பழுப்புக் கழுத்துப் பெட்டை ஒருத்தி மல்லாந்து கிடந்தாள். இறக்கை விரிந்திருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. தூக்கிக் கழுத்தடியில் தொட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. இரைப்பை பந்துபோல் விம்மிக் கிடந்தது. பக்கத்தில் மண்ணில் சோற்றுப் பருக்கைகள். பின்கதவில் மனைவி நின்றிருந்தாள், கையில் காலிப் பாத்திரத்தோடு.

"மிச்ச சோறுதாங்க. கொஞ்ச நாளாவே போட்டுட்டு இருந்தேன். நல்லாத்தானே சாப்பிட்டுச்சு... சட்டுனு எகிறிச்சு, விழுந்துடுச்சு."

"கொன்னுட்டியே!"

அவர் கத்தியதில் மற்ற கோழிகள் சிதறி ஓடின. இத்தனை வருடத்தில் அவளைப் பார்த்து அவர் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு உள்ளே போய்த் தம்பிக்கு ஃபோன் போட்டாள். "நாளைக்கு வந்து மொத்தத்தையும் எடுத்துட்டுப் போடா. எனக்கு இந்த வீட்டுல ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது" என்று, அவர் காதில் விழும்படியே சொன்னாள். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் அவர் தொண்டைவரை வந்தது. சம்பாதிக்கிறவள் அவள். சொல் அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் மச்சினன் பிளாஸ்டிக் கூடையோடு வந்தான். கடையில் பேசுகிற சத்தத்திலேயே இங்கும் பேசினான்.

"ஏன் மாமா இந்த வேலையத்த வேலை? கடைக்கு வாங்க. கல்லாவுல உட்காருங்க. கத்தி புடிக்க வேணாம்."

"பார்க்கலாம் மாப்ளே."

"சரி, புடிச்சுக் குடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

ஷெட்டில் ஒரே பிடியில் ஐந்தாறு கோழிகளைக் காலில் பற்றித் தூக்குவார். அவையும் மனிதனைக் கண்டால் விலகி ஓடும். இங்கே அவர் குனிந்ததுதான் தாமதம், அத்தனையும் அவரை நோக்கி ஓடி வந்தன. கால் சாய்ந்தவள்கூட இறக்கையை ஊன்றிக்கொண்டு வந்தாள். தீனி என்று நினைத்துவிட்டன. முதலில் வந்தவளைத் தூக்கிக் கொடுத்தார். அடுத்தவளையும் கொடுத்தார். தன் கைகள் பாட்டுக்கு வேலை செய்வதை யாருடைய கைகளையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கோழியை நீட்டும்போது விரல்கள் அதை விடவில்லை. மச்சினன் இழுத்தான், அவர் பிடித்திருந்தார். கோழி நடுவில் கத்தியது.

"மாமா, விடுங்க."

அவர் விடவில்லை. மச்சினன் கோழியின் அடிவயிற்றில் விரலை வைத்தான். தினமும் நூறு கோழியை அறுக்கிற கை. சற்று நேரம் தடவிப் பார்த்தான்.

"அக்கா," என்றான் வழக்கமில்லாத சன்னக் குரலில், "இது முட்டைக்கு நிக்குது. இடுப்பெலும்பு விரிஞ்சிருக்கு பாரு."

பின்கதவில் நின்றவள் இறங்கி வந்தாள். தம்பி காட்டிய இடத்தில் வெளுத்த விரல்களை வைத்தாள். இறகுக்கடியில் அவ்வளவு சூடு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கையை எடுக்க மறந்தவள்போல நின்றாள்.

"விட்டுடு" என்றாள்.

"அந்த ரெண்டு?"

கூடைக்குள்ளிருந்து இரண்டு கழுத்துகள் நீண்டு தரையைத் தேடின. மச்சினன் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு கூடையைத் தூக்கி வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினான். தடுத்திருக்கலாம் என்று ஷெட்டுக்காரருக்குத் தோன்றியபோது வண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது. அவர் வாசலுக்கும் வேலிக்குமாக அலைந்தார். தேநீர் ஆறியது. மனைவி எடுத்துப்போய்ச் சூடாக்கி வந்து வைத்தாள், அதுவும் ஆறியது.

அதன்பிறகு இருவரும் தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்புமுன் அவள் பின்பக்கம் ஒரு நடை போய்வர ஆரம்பித்தாள். வெறுங்கையோடுதான் போனாள். கோழிகள் அவள் புடவையைக் கொத்த, நின்று கொத்துவாங்கிவிட்டு வருவாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் "ஏங்க, இங்க வாங்களேன்" என்று அங்கிருந்து கூப்பிட்டாள். அவர் ஓடினார். இன்னொன்றும் செத்துவிட்டதோ என்ற பயம்.

அவள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். குவித்த உள்ளங்கையில் ஒரு முட்டை. ஓடு இல்லை. ஈரமான மெல்லிய தோல் மட்டும். அதற்குள் மஞ்சள், மேகத்துக்குப் பின்னால் சூரியன்போல, மங்கலாக அசைந்தது. சில பெட்டைகளுக்கு முதல் முட்டை இப்படித்தான் வரும் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"கீழ வெச்சா உடைஞ்சிடுமா?" என்று கேட்டாள்.

"தெரியல."

அவரும் அவளருகே உட்கார்ந்தார். கோழிகள் சூழ்ந்து நின்று, கழுத்தை நீட்டி, அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தன. அவள் இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் அது மெல்ல அமுங்கி, வேறொரு வடிவம் எடுத்து, மீண்டும் அசைந்தது.