நுரை பூசிய பிறகு பேசக் கூடாது

என் சலூனில் ஒரே ஒரு சட்டம்தான். முகத்தில் நுரை பூசிவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. கத்தி என் கையில் இருப்பதால் இதுவரை எந்த மதத்துக்காரரும் அதை மீறியதில்லை. எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரும் தெருமுனை எலக்ட்ரீஷியனும் பல வருஷமாக இந்தச் சட்டத்துக்கு அடங்கித்தான் சண்டை போடுகிறார்கள். ஒருவர் நாற்காலியில், மற்றவர் பெஞ்சில். பெஞ்சில் இருப்பவர் பேசுவார், நாற்காலியில் இருப்பவர் முழிப்பார். பிறகு இடம் மாறும்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். "நாடு ஒண்ணுன்னா கல்யாணத்துக்கும் சொத்துக்கும் சட்டமும் ஒண்ணாத்தான்யா இருக்கணும். மதத்துக்கு ஒண்ணா வெச்சுக்கிட்டு?" என்பார் எலக்ட்ரீஷியன். கண்ணாடிக்கடைக்காரர் தன் முறை வந்ததும், "பொதுன்னு பேரு வெச்சு உங்க வழக்கத்தை எங்க தலையில கட்டப் பாக்காதீங்க. யாரும் யார் மேலயும் எதையும் திணிக்கக் கூடாது, அவ்ளோதான்" என்பார். மதம் வேறு, கட்சி வேறு. ஆனால் மழை வந்தால் ஒரே குடையில்தான் கிளம்புவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடிக்கடைக்காரரின் மகள், எலக்ட்ரீஷியனின் மகனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பஸ் ஓட்டுகிற பெண். யாரும் மதம் மாற வேண்டாம், எல்லோருக்கும் பொதுவான சட்டப்படி பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொள்கிறோம் என்றாள். அன்றைக்கு இவர்கள் அடித்த பல்டியைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே சட்டம் என்று தொண்டை கிழியக் கத்தியவர், "அது நாட்டுக்குய்யா! என் பையன் கல்யாணம் எங்க முறையிலதான்" என்றார். திணிக்கக் கூடாது என்றவர், "கட்டுனா எங்க முறையில கட்டட்டும். சொத்துப் பங்கு மட்டும் வேணா பொதுச் சட்டத்துல இருக்கட்டும், அதுலதான் பொண்ணுக்கும் சமமா வருதாம்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு அப்பாக்களும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவள் ஆசை. இருவருமே வர மாட்டோம் என்றுவிட்டார்கள். "அவங்க இல்லாம கையெழுத்துப் போட எனக்கு மனசு வராதுண்ணே," என்றாள் நேற்று. நாற்காலிக் கைகளின் குறுக்கே பலகை போட்டு உட்காரவைத்து நான் முடிவெட்டிவிட்ட பிள்ளை. "ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல வாயை மூட வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"வேற எதுக்கும்மா கடை வெச்சிருக்கேன்?" என்றேன்.

இன்று காலை இருவரையும் இரண்டு நாற்காலியில் உட்காரவைத்தேன். பேச்சு ஆரம்பிக்கும் முன்பே இருவர் முகத்திலும் கண்ணுக்குக் கீழே வரை நுரையை அப்பினேன். கண்ணாடிக்கடைக்காரரின் இடது கன்னத்தை முடித்துவிட்டு எலக்ட்ரீஷியனின் இடது கன்னத்தையும் முடிக்கும்போது வாசலில் பஸ் நின்றது. காலை டிரிப்பை முடித்து, டிப்போவுக்குத் திரும்பும் காலி பஸ். யூனிஃபார்மிலேயே இறங்கி வந்து, கண்ணாடியில் தெரிந்த இருவரையும் பார்த்தபடி நின்றாள்.

"மாமா, எல்லாருக்கும் ஒரே சட்டம்னு நீங்க சொன்னீங்க. அப்பா, யாரும் யார் மேலயும் திணிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. சின்ன வயசுலேருந்து இந்த பெஞ்சுல உக்காந்து கேட்டிருக்கேன். நான் ரெண்டு பேரையும் நம்பிட்டேன். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு, அதை நாங்களா விரும்பி எடுத்துக்கிட்டோம். இப்போ நீங்க ரெண்டு பேருமே இல்லைன்னா எப்படி?"

குரல் உடைந்துவிட்டது. "டிப்போவுல பஸ்ஸை விட்டுட்டு நேரா ரிஜிஸ்டர் ஆபீஸுக்குத்தான் போறோம்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

கண்ணாடிக்கடைக்காரரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து நுரையில் கோடு போட்டது. கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்று சாதிக்கப் பார்ப்பார், விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே எஞ்சின் உறுமியது. எலக்ட்ரீஷியன் என் கையைப் பிடித்துக் கத்தியை விலக்கினார்.

"மொதல் கையெழுத்து மாப்பிள்ளை வீடுதான்," என்றார்.

"யாரு சொன்னா? பொண்ணு வீடு!" என்று இவர் துள்ளி எழுந்தார்.

"எந்தச் சட்டத்துல?"

"எந்தச் சட்டமா இருந்தா உனக்கென்னய்யா!"

என் சட்டம் இன்றோடு ஒழிந்தது. அதில் எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு இருவரும் தெருவில் பாய்ந்தார்கள். நகர்ந்துவிட்ட பஸ், நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றது. முன் ஸீட்டில் புதுச் சட்டையோடு இருந்த மாப்பிள்ளை எழுந்து எட்டிப் பார்த்தான். கதவு திறந்தது. வலது கன்னம் மட்டும் வெள்ளையாக, யார் முதலில் ஏறுவது என்று படிக்கட்டில் இடித்துக்கொண்டு நின்றார்கள் இருவரும். அவள் ஹாரனை அழுத்தினாள், கையை எடுக்கவே இல்லை.