பெருஞ்சீரகத் தேநீர்

2006ஆம் ஆண்டுக் கோடை. ஜெர்மனியின் கொலோன் நகரமே உலகக் கிண்ண உதைபந்தாட்டக் கூச்சலில் கிடந்தபோது, தொண்டைப் புற்றுநோய் முற்றிய சிவகுருநாதனை அந்திமப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள். குரல் போய்விட்டது. விழுங்க முடியாது. பேனா பிடிக்கவும் கையில் வலுவில்லை.

அங்கே தாதியாக இருந்த பீலிக்ஸ் என்ற ஜெர்மன் இளைஞன், அவருடைய மனைவி சந்திரகாந்தியைக் கதிரையில் இருத்தி, ஒரு கேள்வி கேட்டான்.

“இவருக்கு மிகவும் பிடித்த பானம் எது? வாய் காயவிடக் கூடாது. பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து நாக்கைத் தடவிவிடுவோம். பியர், வைன், எதுவானாலும் சரிதான்.”

சாகிறவனின் நாக்குக்கும் ஆசை உண்டு என்று நினைக்கிற மனிதர்களும் இருக்கிறார்களே என்று அவளுக்கு நெஞ்சு இளகியது. இளகியது பீலிக்சுக்காக. கட்டிலில் கிடந்தவருக்காக அல்ல.

“அவர் மதுவைத் தொடவே மாட்டார். கோயில் தலைவர்,” என்று ஜெர்மனில் சொன்னாள். “பெருஞ்சீரகத் தேநீர் கொடுங்கள்.”

கட்டிலில் இரண்டு கண்கள் உருண்டன. பெருஞ்சீரக வாசம் பட்டாலே அவருக்குக் குமட்டும். விஸ்கிதான் உயிர். இருபது வருடம் கதவைப் பூட்டிக்கொண்டு குடித்தார். குடித்துவிட்டு அவளை அடித்தார். விடிந்ததும் விபூதி பூசிக்கொண்டு கோயிலில் ஒழுக்கம் பேசினார். ‘அவர் குடிக்கிறேல்லை’ என்று ஊருக்குச் சொல்ல அவளை அடித்தடித்துப் பழக்கியவரும் அவரேதான். பாடம் நன்றாகவே பதிந்திருந்தது.

“இவருக்குப் பிடிக்கவில்லைப் போலிருக்கிறதே,” என்று பீலிக்ஸ் கவலைப்பட்டான்.

“பிடித்ததையும் பிடிக்காததுபோலக் காட்டுவார்,” என்றாள் சந்திரகாந்தி.

ஒரு பிற்பகல், பீலிக்ஸ் சன்னலோரம் நின்று மருந்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, கோயில் செயலாளர் ஆனந்தராசா வந்தார். கணவரின் உற்ற நண்பர். முறிந்த கையில் மாக்கட்டோடு அவள் ஒருமுறை கோயில் சபையில் போய் நின்றபோது, “சிவகுரு சாராயத்தை மணந்தும் பாராதவன். இவ படியிலை விழுந்தவ,” என்று எழுந்து சொன்னவர் இவர்தான். சபையும் நம்பியது.

அவர் கோட்டுப் பையிலிருந்து சின்ன விஸ்கிப் போத்தல் ஒன்றை எடுத்தார்.

“பாவம், தங்கச்சி. கடைசி நேரம். ஒரு துளி நாக்கிலை வைப்பம்.”

“வைப்பம், அண்ணை. முதல்லை இந்தப் பீலிக்சுக்குச் சொல்லுங்கோ, இவர் குடிகாரன், என்ரை கையை முறிச்சவர், தெரிஞ்சுகொண்டு நீங்கள் பொய் சொன்னனீங்கள் எண்டு. அதையே சபையிலையும் சொல்லுறன் எண்டு எனக்குச் சொல்லுங்கோ. பிறகு நானே தடவிவிடுறன்.”

ஆனந்தராசா பீலிக்சைப் பார்த்தார்.

“கோயில் மானம் போயிடும், தங்கச்சி. என்னாலை ஏலாது.”

“அப்ப கொண்டுபோங்கோ.”

போத்தல் பைக்குள் போனது. கட்டிலில் கிடந்தவரின் கண்கள் அதன் பின்னாலேயே போய், பிறகு நண்பரின் முகத்தில் ஏறி நின்று கெஞ்சின. நண்பர் அந்தப் பக்கம் பாராமலே வெளியேறினார்.

சிவகுருநாதனின் கண் கலங்கியது. அதைப் பார்த்து சந்திரகாந்தி இரங்கவில்லை. வயிறு குளிர்ந்தது அவளுக்கு.

“இஞ்சருங்கோ, உங்கடை சிநேகிதனுக்கும் உங்களைவிட உங்கடை பேர்தான் பெரிசு,” என்றபடி பஞ்சுக் குச்சியைத் தேநீரில் நனைத்தாள். “ஆ காட்டுங்கோ.”

வாய் காய்ந்து வெடித்திருந்தது. அவர் காட்டினார்.