முதுகுத் தாவல்

முதல் முயற்சியில் விழுந்தாள் லீசெல்.

திரையில், சிவப்பு முக்காடு போட்ட குட்டி வீராங்கனை பாலத்தைத் தாண்டி எம்பினாள். மணிக்கூண்டு கைக்கெட்டும் தூரத்தில் நழுவியது. மேகத்துக்குள் போனவள் திரும்பி வரவில்லை. பிலிப்பைன்ஸின் செபு நகரத்து அரங்கில் கூடியிருந்த கூட்டம் 'ஓ' என்று இழுத்து அடங்கியது.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மைக்கில் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தவன் அர்னல். போன மாதம் அவளுடைய சாதனையைப் பட்டியலிலிருந்து தூக்கியவனே அவன்தான்.

'காற்றுக்கோட்டை' என்ற அந்தச் சாகச விளையாட்டை யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் போட்டி போடுகிறது. ஆடியதை வீடியோவாக அனுப்ப வேண்டும். ஆடுகிறவரின் முகமும் கையும் ஓரத்தில் தெரிய வேண்டும். அர்னலைப் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் சோதித்துப் பார்த்துப் பட்டியலில் ஏற்றுவார்கள்.

லீசெல் அனுப்பிய வீடியோவில் இருந்தது முதுகுத் தாவல். முன்னால் ஓடினால் வேகத்துக்கு எல்லை வைத்து விளையாட்டைச் செய்த புண்ணியவான்கள், பின்னால் தாவினால் எல்லை வைக்க மறந்துவிட்டார்கள். படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கால் தரையில் படும் அதே கணத்தில் மறுபடியும் மறுபடியும் தாவினால் வேகம் ஏறிக்கொண்டே போகும். பாலத்தின் விளிம்பில் சட்டென்று திரும்பி ஓர் எம்பு எம்பினால், பாதிக் கோட்டையைத் தாண்டி மணிக்கூண்டில் இறங்கலாம். பொத்தானை இமைப்பொழுது தவறி அழுத்தினாலும் மேகம்தான்.

அத்தனை கஷ்டமான தாவலின்போது, வீடியோவின் ஓரத்தில், லீசெலின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

'திரையைப் பார்க்காமல் இதை யாராலும் போட முடியாது. வேறு யாரோ ஆடிய பதிவை ஓடவிட்டுக் கையை அசைத்திருக்கிறார். போலி.' அர்னல் எழுதிய தீர்ப்பு அது. அதன்பிறகு எந்த ஆட்டக் குழுவிலும் அவளைச் சேர்க்கவில்லை.

இன்று, புயலில் கூரை பறந்த பள்ளிகளுக்காக நடக்கும் ஆட்ட விழா. மேடையேறி எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிய வாய்ப்பு. வீராங்கனைக்கு உயிர் மூன்று. மூன்றும் போனால் 'போலி' நிலைத்துவிடும்.

"பதட்டப்படாத இண்டாய்," என்றான் அர்னல், தங்கையைக் கூப்பிடும் செபு வழக்கில். "உனக்குன்னே இந்தக் குண்டு டிவிய வரவழைச்சிருக்கேன். நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. புது டிவி மாதிரி இதுல படம் லேட்டா வராது. திரையப் பாத்து ஆடு, அது போதும்."

அவன் நியாயமாகத்தான் நடந்தான். ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பழைய குண்டு டிவி கோயில் விக்கிரகம் மாதிரி.

லீசெல் திரையை முறைத்துப் பார்த்தாள். தாவினாள். எம்பினாள்.

மேகம்.

முன்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அவளுடைய அத்தை மகள் யூனிஸ் எழுந்து நின்று, அண்ணன் என்ற மரியாதைக்கு 'குயா' போட்டே கத்தினாள்.

"குயா அர்னல், அந்தப் பொட்டியத் தூக்கிக் கடாசிட்டு எங்க கடையில பாட்டு வரி ஓடுற வீடியோகே டிவியக் கொண்டாந்து வைங்க. அவ கை சரியா இருக்கு. உங்க டிவிதான் சரியில்ல."

கூட்டம் சிரித்தது. அர்னல் சிரிக்காமல் லீசெலின் பக்கம் திரும்பினான்.

"வீடியோகே டிவியிலயா ஆடுற? அதுல படம் ஆடி அசைஞ்சு வருமே."

"பாட்டு வரி திரையில வர்றதுக்குள்ள தாளம் போயிடும் குயா," என்றாள் லீசெல். "ஆனா சத்தம் நேரா பெரிய ஸ்பீக்கருக்குப் போயிடுது, அது லேட்டாகாது. அதனால எங்கம்மா சாப்பாட்டுக் கடையில பாடுறவங்க யாரும் திரையப் பாக்கறதில்ல. நானும் பாக்கமாட்டேன். பாத்தா கை தடுமாறும். பூட்ஸ் படியில படுற சத்தத்தக் கேட்டுத்தான் அழுத்துவேன்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அர்னலின் காது மடல் சிவந்தது. குண்டு டிவியின் பக்கம் கையைக் காட்டினான்.

"இப்ப அந்தச் சத்தம் கேக்குதா?"

"நீங்க பேசுறதுதான் கேக்குது."

அர்னல் எழுந்தான். மைக்கை வாயருகே கொண்டுபோனான். "எல்லாரும் கேளுங்க. தாவும்போது கைதட்டுறது நம்ம வழக்கம். இன்னிக்கு வேணாம். சிச்சரோன் வறுவல் பாக்கெட்டக்கூட யாரும் பிரிக்கக் கூடாது."

மைக்கை அணைத்துக் கீழே வைத்தான். அவள் வீராங்கனையைப் படிக்கட்டில் முதுகு காட்டி நிறுத்தும்வரை காத்திருந்தான். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தான். தன் ஜாக்கெட்டைக் கழற்றி, டிவியின் மேல் போர்த்தினான்.

அரங்கம் விறைத்தது. மேடைக்கு மேலிருந்த பெரிய திரையில் கூட்டத்துக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு எதுவும் தெரியாது.

"இப்ப போடு," என்றான் மெதுவாக. "இதுக்கப்புறம் யாரும் வாயத் திறக்க முடியாது."

லீசெல் தலையைச் சாய்த்தாள். இதுவரை கூச்சலில் அமுங்கிக் கிடந்த அந்தச் சத்தம் கேட்டது.

டக். அழுத்தினாள். டக். அழுத்தினாள். டக், டக், டக். கல்லில் பட்ட பூட்ஸ் சத்தம் நெருங்கி நெருங்கி உறுமலாக மாறியது. திடீரென்று சத்தம் மாறியது. கல் இல்லை, மரம். பாலம். விளிம்பு.

கட்டைவிரல் திரும்பியது. எம்பினாள்.

அப்புறம் சத்தமே இல்லை. காற்று மட்டும். விழுகிறாளா, பறக்கிறாளா? எதிரே தொங்கும் ஜாக்கெட்டின் ஜிப்பைத் தவிர லீசெலுக்கு எதுவும் தெரியவில்லை. கூட்டத்தின் முகங்களைப் பார்க்கத் துணிவில்லை.

டாங்.

மணிக்கூண்டின் மணி. இறங்கினால் மட்டுமே அடிக்கும் மணி.

அரங்கம் வெடித்தது. யூனிஸ் நாற்காலி மேலேறி என்னவோ கத்தினாள். அர்னல் கைப்பேசியை எடுத்து, எல்லோர் கண்ணெதிரிலும், பட்டியலில் அவள் பெயரைப் பழைய இடத்தில் ஏற்றினான். தன் தீர்ப்பிலிருந்த 'போலி' என்ற சொல்லை அழித்தான். அதன் கீழே, 'நான் கேட்டிருக்க வேண்டும்' என்று எழுதினான்.

"இண்டாய், என்னை..." என்று ஆரம்பித்தான்.

"குயா, அதெல்லாம் அப்புறம் பேசலாம்," என்றாள் லீசெல், விரல்கள் பொத்தானிலிருந்து விலகாமல். "முதல்ல ஜாக்கெட்ட எடுங்க. கடிகாரம் ஓடுது. மீதிக் கோட்டைக்குக் கண்ணு வேணும்."