‘சரி’க்கு முன்னால்

1

இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம், ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் ஞானாம்பாள், பள்ளிக்கூட டீச்சர். வாரப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவள். அந்தப் பக்கம் செல்வமேரி என்கிற நர்ஸும் அவள் அண்ணன் ஜெபசீலனும்.

(இதை எழுதுவதும் ஞானாம்பாள்தான். ‘நான்’ என்று தொடங்கினால் தன் கட்சியையே பேசத் தோன்றுகிறது. அதனால் ‘அவள்’.)

தொண்ணூற்றிரண்டில் செல்வமேரிக்கு மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது.

“பொம்பளப் புள்ள தனியா அம்மாந்தூரம் இன்னாத்துக்குப் போவணும்? வோணாம்” என்றான் ஜெபசீலன்.

“சரிண்ணா.”

பிறகு பாத்திரம் கழுவும் சத்தம்.

2

அன்று மாலையே ஞானாம்பாள் எழுத உட்கார்ந்தாள். கதையில் செல்வமேரிக்குத் தனம் என்று பேர்.

‘அண்ணன் பேச்சைத் தட்டாத தனம்...’ வேண்டாம்.

‘குனிந்த தலை நிமிராமல் தனம்...’ இதுவும் வேண்டாம். (இந்தத் தலையை எத்தனை கதைகளில்தான் குனிய வைப்பது!)

‘தனத்தின் முகத்தில் வருத்தத்தின் சாயலே இல்லை.’ இது பிடித்துப்போனது. அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை எழுதிவிட்டாள். முடிவில் அண்ணன் கண் கலங்குகிறான். தனம் தெய்வமாகிறாள்.

3

ஞானாம்பாள் எழுதுவதை முதலில் படிப்பவள் செல்வமேரிதான். மறுநாள் டியூட்டி முடிந்து வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்து படித்தாள்.

“இது நானா டீச்சர்?”

“இல்லம்மா... கொஞ்சம்.”

“இவளுக்கு ஏன் வருத்தமே இல்ல?”

“அடக்கமான பொண்ணு. அண்ணன் மேல மரியாதை.”

“நான் மரியாதைக்கா சரின்னேன்? கத்துவாரேன்னு பயந்துகினு சொன்னேன்.” தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். “எங்கண்ணன் இதைப் படிச்சா ரொம்ப சந்தோஷப்படுவாரு டீச்சர். அதான் பேஜாரா கீது.”

4

(கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பேசலாம்.) கீழ்ப்படிகிறவர்களால் எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு வசதி! ஒருவர் உத்தரவு போடுகிறார், இன்னொருவர் ‘சரி’ என்கிறார், காட்சி நகர்ந்துவிடுகிறது. அந்தச் ‘சரி’க்கு முன்னால் அவர் மனதில் என்ன ஓடியது என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. பயமாக இருக்கலாம், வெறும் களைப்பாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பண்பு என்று பேர் வைத்துவிடுகிறோம்.

ஞானாம்பாள் அந்த வரியை எழுதிப் பார்த்தாள். ‘அண்ணன் வேண்டாம் என்றதும் தனத்துக்கு’

அதற்குமேல் ஓடவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பும் நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபசீலன் கேட்டான்.

“மஸ்கட்டுக்கு வரலன்னு எழுதிப் போட்டியா?”

“இல்லண்ணா.”

“அன்னிக்கே சரின்னியே?”

காபி ஆற்றிக்கொண்டிருந்த ஞானாம்பாளின் கை நின்றது.

“சொன்னேன். இப்ப யோசிக்கணும்ணா.”

“இதுல யோசிக்க இன்னா கீது?”

“அதைத்தாண்ணா பாக்கணும்.”

அவன் கத்தத்தான் செய்தான், தெருவுக்கே கேட்டது. அவள் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

6

பத்திரிகைக்காரர்கள் முடிவு கேட்கிறார்கள். தனத்தை விமானம் ஏற்றிவிடலாம், கைதட்டு கிடைக்கும். அடுப்படியிலேயே விட்டுவிடலாம், கண்ணீர் கிடைக்கும். ஆனால் இரண்டிலுமே அவளைப் போ என்பதும் இரு என்பதும் ஞானாம்பாள்தான். ஜெபசீலன் உட்கார்ந்து உத்தரவு போட்ட நாற்காலியில் போய் உட்கார அவளுக்கு இஷ்டமில்லை.

முடிவு இல்லாமல் முடியாது என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். செல்வமேரியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.