கை தூக்கியவர்கள்

போதைப் பழக்கத்துக்கான ஆறு மாத சிகிச்சை முடிந்து தம்பி வீடு திரும்பிய மறுநாள் காலையிலேயே குடியிருப்புச் சங்கம் கூட்டம் போட்டுவிட்டது. வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யூனிபார்ம் தைக்கும் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தைங்க விளையாடுற இடம். மாத்திரைக்கு அலையறவனையெல்லாம் இங்க வச்சுக்க முடியாது" என்று ஆரம்பித்தவர் மருந்துக்கடைக்காரர்.

தரைத்தளத்தில்தான் அவர் கடை. டாக்டர் சீட்டில்லாமல் தம்பிக்கு வலி மாத்திரையை அட்டை அட்டையாக விற்றவர் அவர். அக்கா இரண்டு தடவை போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். "நான் தரலேன்னா வேற கடையில வாங்கப் போறான்மா" என்று கல்லாவை விட்டு எழாமலேயே சொன்னார். இது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவர்களும் சீட்டில்லாமல் அவரிடம் வாங்குகிறவர்கள்தான்.

டியூஷன் வாத்தியார் தொண்டையைச் செருமினார். "பத்தாவது படிக்கிறப்பவே கிளாஸ்ல கண்ணு சொருகிக் கிடப்பான். எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலியே சார்?" என்றாள் அம்மா.

"நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டேம்மா."

அக்கா வாயைத் திறந்தாள். எதிரே சங்கச் செயலாளரின் மனைவி. அவளுடைய தங்கை மகனுக்குத்தான் அக்காவைப் பேசி முடித்திருந்தார்கள். வேண்டாம் என்பதுபோல் அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அவன் இங்க இருக்கக் கூடாதுங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் செயலாளர்.

அம்மாவைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். அக்காவும்தான்.

மாடிப்படியில் தம்பி பையோடு நின்றிருந்தான். எப்போது இறங்கி வந்தானோ தெரியாது.

"போதும்க்கா, இறக்கு. கை வலிக்கப் போகுது" என்றான். சிரித்தபடிதான் சொன்னான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

அம்மா அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். வாத்தியாரும் இன்னொருவரும் பிடித்து நிறுத்தினார்கள். மருந்துக்கடைக்காரர் அதற்குள் போய் ஷட்டரைத் தூக்கியிருந்தார். வெளியே போன தம்பி கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பணத்தை நீட்டினான். இரண்டு அட்டைகள் கை மாறின. அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பான். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தாள்.

நாலாம் நாள் பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவை உடைத்து அவனை வெளியே எடுத்தார்கள்.

பிணவறை வாசலில் அம்மா அழவில்லை. "எந்தக் கையடி தூக்கினே?" என்று மட்டும் கேட்டாள். அக்கா வலது கையை நீட்டினாள். அம்மா அதைப் பிடித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

மூன்று மாதம் தள்ளிக் கல்யாணம் நடந்தது. மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அம்மா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாள். யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.