நாலு டப்பா சத்து மாத்திரை

எனக்கு வேலையே படிக்கிறதுதான். ஆனா புரிஞ்சு படிக்கக் கூடாது. மருந்து, மாவு, ஷாம்பு, எதுக்கு லேபிள் அடிச்சாலும் மெஷின் ஓடுறதுக்கு முன்னாடி எங்க மேஜைக்கு வரும். ஒருத்தர் மூலப் பிரதியைச் சத்தமா வாசிக்கணும், இன்னொருத்தர் அச்சுத்தாளைப் பார்த்து எழுத்து எழுத்தா டிக் அடிக்கணும். அர்த்தத்தைப் பிடிச்சுக்கிட்டா கண்ணு தப்பைக்கூட சரியாப் படிச்சுட்டுப் போயிடும். அதனால அர்த்தத்தை உள்ள விடாம படிக்கப் பதினெட்டு வருஷமாப் பழகி வச்சிருக்கேன். அதுல எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிரோடதான் என் வீட்டுக்காரர் விரலைக் கெடுத்தேன்.

அவர் சலூன் வச்சிருக்கார். போன வருஷம் நெஞ்சுல சளி கட்டி, கிருமி இருக்குன்னு சொல்லி, ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க. கிருமி போயிடுச்சு. ஆனா மருந்து முடியுறப்போ விரல் நுனியும் பாதமும் மரத்துப்போயிருந்துச்சு, ராத்திரியானா உள்ளங்கால் எரிஞ்சுச்சு. "மருந்தோட பக்கவிளைவுதான், மெதுவாக் குறையும். நல்லாத் தூங்குங்க, நல்லாச் சாப்பிடுங்க, இந்த ஒரு சின்ன வைட்டமின் போதும், மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னாங்க டாக்டரம்மா. மூணு மாசமாம். எங்க வீட்டுல மூணு நாள் யாரும் சும்மா இருந்து எனக்கு ஞாபகமில்ல.

சவரம் பண்றவருக்குக் கண்ணு விரல்லதான் இருக்கு. இடது கையால தோலை இழுத்துப் பிடிச்சு, முடி எந்தப் பக்கம் போகுதுன்னு தடவிப் பார்த்துட்டுத்தான் கத்தியை வைப்பார். ஒருநாள் ஒரு வாத்தியாரோட காது ஓரத்துல கீறிட்டார். ரத்தம் கழுத்துல இறங்கின பிறகுதான் இவருக்கே தெரிஞ்சிருக்கு. வாத்தியார் பெரிய மனுஷன், பரவாயில்லன்னுட்டார். இவர்தான் கத்தியைத் துடைச்சு டிராயர்ல போட்டுப் பூட்டிட்டார். அப்புறம் மெஷின்ல முடி வெட்டுறதோட சரி, சவரத்துக்கு வர்றவங்களையெல்லாம் கடையில கூட இருக்கிற பங்காளியோட நாற்காலிக்கு அனுப்பிடுவார்.

"வருஷக் கடைசிக்குள்ள சரியாகலன்னா கடையைப் பங்காளிகிட்டயே விட்டுடுறேன். கிடங்குல வாட்ச்மேன் வேலை இருக்காம்"னு ஒருநாள் தலை வாரிக்கிட்டே சொன்னார், டீ கேக்குற மாதிரி. முப்பது வருஷமா நின்னுக்கிட்டே ஊர் வம்பு பேசின மனுஷன், ஒரு இரும்புக் கதவைப் பார்த்துக்கிட்டு உட்காருவாரா? விட மாட்டேன்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு இறங்கினேன்.

அவரோட அக்கா, எங்க அண்ணி, நரம்புக்குன்னு ஒரு டப்பா கொண்டு வந்தாங்க. என் தம்பி, ஜிம்முக்குப் போறவன், "மாமா, இது குதிரை பலம்"னு ஒரு டப்பா குடுத்தான். மருந்துக்கடையில நின்னு நானே விசாரிச்சு ஒண்ணு வாங்கினேன். டாக்டரம்மா குடுத்தது ஏற்கனவே ஒண்ணு. ஆக மொத்தம் நாலு டப்பா. ஏழு நாளைக்கும் அறை பிரிச்ச பெட்டி வாங்கி, நோட்டுப் போட்டு, அதுலயும் டிக். ஒரு வேளை தவறினதில்ல.

"நான் மனுஷனா, மாவு மெஷினா? மேல கொட்டிக்கிட்டே இருக்கியே"ம்பார்.

"அரைக்கிற வேலையை மட்டும் பாருங்க, பேச்சு வேணாம்"னு தண்ணி டம்ளரை நீட்டுவேன்.

மூணு மாசம் ஆச்சு. கொஞ்சம் தேறின பிறகு டாக்டர்கிட்ட போகலாம்னு தள்ளிப்போட்டோம். நோயாளி தேறிட்டு டாக்டரைப் பார்க்கப் போற கூத்து எங்க வீட்டுலதான் நடக்கும். ஆறாவது மாசம் மரமரப்பு விரல் நுனியிலிருந்து ரெண்டாவது கணு வரைக்கும் ஏறிடுச்சு. சட்டைப் பித்தானை நான் போட்டுவிட வேண்டியதாப் போச்சு. பயந்துபோய் என்ன பண்ணேன் தெரியுமா? நான் வாங்கின மாத்திரையை ஒண்ணுக்கு ரெண்டாக்கினேன்.

அந்த வாரமே ஒருநாள் காலைல ஒரு சத்து மாத்திரை லேபிள் மேஜைக்கு வந்துச்சு. வாசிக்கிறவரை ஆபீஸ்ல முற்றுப்புள்ளி சார்னுதான் கூப்பிடுவோம். ஒரு புள்ளியைக்கூட விடாம உச்சரிப்பார்.

"பைரிடாக்சின், அடைப்பு, வைட்டமின் பி ஆறு, அடைப்பு முடிஞ்சுது, நூறு மில்லிகிராம், முற்றுப்புள்ளி. எச்சரிக்கை, இரட்டைப்புள்ளி, அதிக அளவில் நீண்ட நாள் உட்கொண்டால் கை, கமா, கால்கள் மரத்துப்போகலாம், முற்றுப்புள்ளி."

எல்லாத்துக்கும் டிக் அடிச்சேன். அடுத்த ரெண்டு வரிக்கும் அடிச்சேன். மூணாவது வரியில பேனா நின்னுடுச்சு.

"சார், கொஞ்சம் பின்னாடி போங்க. அந்த எச்சரிக்கை."

"தப்பு இருக்கா?"

"தப்பு இல்ல. கமா கிமா எல்லாம் இல்லாம, மனுஷன் பேசுற மாதிரி ஒரு தடவை படிங்க."

பாவம், அவருக்கு அது வரல, தடுமாறித்தான் படிச்சார். அரை நாள் லீவு சொல்லிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

நாலு டப்பாவையும் சாப்பாட்டு மேஜையில வரிசையா வச்சு, முதல் தடவையா அர்த்தத்துக்காகப் படிச்சேன். டாக்டரம்மா டப்பாவுல வைட்டமின் பி6, பத்து மில்லிகிராம். அண்ணி டப்பாவுல அதே சரக்கு பைரிடாக்சின்னு இன்னொரு பேர்ல, நூறு. தம்பியோட குதிரை பலத்துல, எறும்பு சைஸ் எழுத்துல, ஐம்பது. நான் வாங்கினதுல நூறு, அதுவும் இப்போ ரெண்டு. டாக்டர் சொன்னது பத்து, நான் குடுத்தது முந்நூத்தி அறுபது. பேர் வேற வேறயா இருந்தா உள்ள இருக்கிறதும் வேற வேறன்னு நம்பியிருக்கேன். ஊர் லேபிளுக்கெல்லாம் தப்புப் பார்த்து அனுப்புறவ, என் வீட்டு அலமாரியைப் படிக்கல.

மதியம் சாப்பிட வந்தார். தட்டு வைக்கல, டப்பாவைத்தான் வச்சேன். ஒளிக்காம எல்லாத்தையும் சொன்னேன். "உங்க கையைக் கெடுத்தது நான்தாங்க"ன்னு முடிச்சேன்.

அவர் டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டிட்டாக்கூடத் தேவலன்னு இருந்துச்சு எனக்கு.

"இது கோபப்படுற விஷயம்தான். எனக்குக் கோபம் இருக்கு. ஆனா பசியும் இருக்கு. சாப்பாட்டைப் போடு, சாயங்காலம் டாக்டரைப் பார்ப்போம்"னார்.

டாக்டரம்மா விட்டாங்களே ஒரு டோஸ். "சத்துன்னு எழுதியிருந்தா எவ்வளவு வேணா கொட்டலாமா? ஆரம்பிச்சு வச்சது பழைய மருந்தா இருக்கலாம், விடாமப் பிடிச்சு வச்சது இது." ரத்தப் பரிசோதனையிலயும் அந்த பி6 அளவுக்கு மேல இருக்குன்னுதான் வந்துச்சு. இனிமே அவங்க குடுத்ததும் வேண்டாம், நாலையும் நிறுத்துங்கன்னாங்க. ஒரே நேரத்துக்குப் படுக்கை, ஒழுங்கான சாப்பாடு, தினம் நடை. கொதிக்கிற பாத்திரத்துக்கிட்ட கை போகக் கூடாது. முதல் சில வாரம் இன்னும் மோசமாகலாம், பயப்பட வேண்டாம்னாங்க.

"பழையபடி ஆகுமா?"ன்னு கேட்டார் அவர்.

"நிறையத் திரும்பலாம். முழுசாத் திரும்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அண்ணிக்கு மூக்குமேல கோபம். "ஆசையா வாங்கிக் குடுத்ததைக் குப்பையில போட்டுட்டியா?"ன்னாங்க. "என்னோடதும் சேர்ந்துதான் போச்சு அண்ணி, கூட்டமாத்தான் போயிருக்கு"ன்னேன். ஒரு வாரம் பேசல. அப்புறம் அவங்களே முட்டையும் கீரையும் வாங்கிட்டு வந்து நின்னாங்க. மாத்திரையாக் கொட்டுறதை நிறுத்திட்டு, பருப்பு, மீன், முட்டை, பழம்னு வயித்துக்குத் தெரியுற மாதிரி சாப்பிட வச்சேன். ராத்திரி ஒன்பதரைக்குப் போனைப் பிடுங்கிச் சமையல் ரூம்ல வச்சுடுவேன். போர்வை பட்டாலே கால் எரியுதுன்னார், கால்மாட்டுல ரெண்டு தலையணை வச்சுப் போர்வையைத் தூக்கிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம்னு தூங்க ஆரம்பிச்சார்.

முதல் மாசம் டாக்டரம்மா சொன்ன மாதிரியே கூடுச்சு. டம்ளர் கைநழுவி விழுந்துச்சு. நான் சாமியறையில நின்னு திட்டினது சாமியையா என்னையான்னு இன்னும் தெரியல. ரெண்டாவது மாசம் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. மூணாவது மாசம் ஒருநாள் காலைல குளிக்கப் போனவர் வெறுங்காலோட பாதியில நின்னு சத்தம் போட்டார்.

"வீட்டைப் பெருக்குறியா இல்லையா? தரையெல்லாம் மண்ணு நெறநெறங்குது."

வேற நாளா இருந்தா கச்சேரி களைகட்டியிருக்கும். துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு அவர் காலையே பார்த்தேன். ஒரு வருஷமா அந்தக் காலுக்கு மண்ணு, தண்ணி, பாய் எல்லாம் ஒண்ணுதான்.

"இன்னொரு தடவை திட்டுங்க"ன்னேன்.

அவருக்கும் அப்பதான் உறைச்சுது. அதே இடத்துல காலைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துக்கிட்டு நின்னார். அன்னைக்கு நான் வேணும்னே பெருக்கல.

வருஷம் முடிய ரெண்டு வாரம் இருந்துச்சு. கடை லீவு நாள்ல என் தம்பியை வரச்சொன்னார். "குதிரை பலம் குடுத்தவன் நீதானே, வந்து நாற்காலில உட்காரு மச்சான்"னார். அவன் நாலு நாள் தாடியோட வந்து, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டினான். டிராயரைத் திறந்து, புது பிளேடு மாட்டி, நுரை போட்டார். இடது கை தோலை இழுத்துப் பிடிச்சுது. கத்தி கன்னத்துல ரெண்டு தடவை இறங்குச்சு. தாடைக்கிட்ட விரல் நின்னுடுச்சு.

"நுரைக்கு அடியில இங்க ஒரு பரு இருக்கு மச்சான்."

"காலைலதான் கிளம்புச்சு மாமா."

சுத்திவளைச்சுக் கத்தியை ஓட்டினார். துண்டால துடைச்சதும் நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கடுகு அளவுல ஒரு பரு, சிவப்பா, மேல ஒரு கீறல் இல்லாம இருந்துச்சு. "சுண்டு விரல் இன்னும் மரம்தான். அது கிடக்கட்டும், சவரத்துக்கு அது வேணாம்"னார்.

அப்புறம் பழக்க தோஷத்துல துண்டை உதறி, "அடுத்த ஆள்"னார். கடையில வேற யாருமில்ல. நானே போய் உட்கார்ந்தேன்.

"உனக்கு என்ன சவரம் பண்றது?"ன்னு சிரிச்சுக்கிட்டே ரெண்டு விரலை என் கன்னத்துல வச்சார். சிரிப்பு நின்னுடுச்சு.

"ஈரமா இருக்கே"ன்னார்.

"ஆமாங்க, இருக்கு"ன்னேன்.