கிழக்குக் கரை வல்லாரை

இளைப்பாறிய தபாலதிபர் கேதீஸ்வரன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு படலையடியில் வந்து நின்றார். எதிரே குளம். மூன்று பக்கமும் கொங்கிறீற்றுச் சுவர், நடக்கப் பாதை, இருக்க வாங்கில். அச்சுவேலிப் பக்கத்தில் இப்படி வடிவான குளம் வேறு இல்லை என்று ஊரே சொல்லியாயிற்று. சொன்னவர்களில் ஒருவரும் வாங்கிலில் வந்து இருந்ததில்லை. ஒரு நாய் மட்டும் பாதையில் கொஞ்சத் தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

எங்கள் ஊரில் இறந்தவர்கள் பேருந்துத் தரிப்பிடமாகவும் கோயில் மண்டபத் தூணாகவும் மறுபிறவி எடுப்பது வழக்கம். கேதீஸ்வரனின் மனைவி இராசமலருக்குக் குளக்கரை வாய்த்தது. ரொறன்ரோவில் இருக்கும் மகள் தனுசியா, அம்மாவின் ஞாபகார்த்தமாக ஊருக்கு ஏதாவது செய்யுங்கள் என்றாள். சனசமூக நிலையத் தலைவர் கேதீஸ்வரன்தான். கூட்டம் கூடியது, மண் அள்ளும் பெக்கோ மெசின் வந்தது. கோரையையும் சம்பையும் அல்லியையும் வழித்தெடுத்துக் கிழக்குக் கரையில் குவித்தது. வழித்த இடத்தில் சுவர் எழும்பியது. கிழக்குக் கரை மட்டும் பாக்கி.

அதற்குப் பிறகு மாரி வந்தும் தவளை கத்தவில்லை. நீர்க்கோழிகள் எங்கோ போய்விட்டன. தங்கமுத்துவும் வருவதில்லை. முன்பெல்லாம் விடிந்ததும் அவள் முழங்கால் சேற்றில் நின்று வல்லாரையும் பொன்னாங்காணியும் பிடுங்குவாள். சந்தைக்குப் போகும் வழியில் ஒரு பிடியைப் படலையில் செருகிவிட்டு, "ஐயா, தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று கேட்பாள். மனைவி போன பிறகு அந்த வீட்டுக்குள் கேட்ட ஒரே மனிதக் குரல் அதுதான். அது நின்ற பிறகே கேதீஸ்வரனுக்கு அது விளங்கியது.

மறுநாள் இராசமலரின் ஆண்டுத் திவசம். அவளுக்கு வல்லாரைச் சம்பல் என்றால் உயிர். படையலில் அது இல்லாவிட்டால் எப்படி? பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தங்கமுத்து வீட்டுக்குப் போனார்.

"வாங்கோ ஐயா, இருங்கோ" என்று அவள் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"நாளைக்கு அவவின்ரை திவசம். ஒரு பிடி வல்லாரை வேணும், தங்கமுத்து."

"நான் எங்கை ஐயா போறது? கரையைத்தான் மூடிப்போட்டியளே. நான் இப்ப வெங்காயத் தோட்டத்திலை கூலிக்கு நிக்கிறன்."

"கரைதானே போனது. குளம் அப்பிடியே கிடக்கு. முந்தியைவிட ஆழமாயும் கிடக்கு."

"ஆழத்திலை என்ன ஐயா இருக்கு? இருட்டும் சேறும். அங்கை கிடக்கிற நத்தையும் புழுவும் கரையிலையிருந்து உக்கிப் போற சருகைத்தான் தின்னும். விரால் நடுத்தண்ணியிலை திரிஞ்சாலும் முட்டை போடக் கரைப் புல்லுக்குத்தான் வரும். தவளை, நீர்க்கோழி, நான், எல்லாரும் அந்தக் கரையிலை பிழைச்ச ஆக்கள்."

அவள் கோபித்துப் பேசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். மழை பெய்யும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"உதை நீர் அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"கூட்டத்துக்கு என்னை ஆர் கூப்பிட்டது?"

கேதீஸ்வரன் சைக்கிளை எடுக்க எழும்பினார். அவளே மறுபடி சொன்னாள்: "கிழக்குக் கரையிலை, பெக்கோ குவிச்ச சேத்துக் கும்பியடியிலை கொஞ்சம் நிக்குது. நான் தொடேல்லை. அதையும் பிடுங்கினால் பிறகு கொடி ஓட ஒண்டும் இராது. நாளைக்குச் சீமெந்து போடுறியளாம். தேவையெண்டால் அதுக்கு முன்னம் பிடுங்குங்கோ."

திரும்பும் வழியில் அவர் கிழக்குக் கரையில் இறங்கினார். ஈரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வல்லாரை நின்றது. பக்கத்தில் ஒரு சின்னத் தவளை அவரைப் பார்த்தபடி இருந்தது. பிடுங்கக் குனிந்தவர் கையை எடுத்துக்கொண்டார். மனைவியின் பேரைச் சொல்லி அவளுக்குப் பிடித்ததையே புதைத்துவிட்டேனே என்று சேற்றிலேயே குந்திவிட்டார். பார்க்க ஆளில்லாத கரை, வாய்விட்டு அழுதார்.

காலையில் வல்லாரைச் சம்பல் இல்லாமலே படைத்தார். கற்பூரம் அணையும் முன்பே வெளியே சீமெந்து குழைக்கும் மெசின் வந்து நின்றது. கூடவே சனசமூக நிலையச் செயலாளர் பார்த்தீபன்.

"ஐயா, அம்மாவின்ரை பேர்க்கல்லும் வந்திட்டுது. கிழக்குச் சுவரிலை பதிச்சால் வேலை முடிஞ்சுது."

"மெசினைத் திருப்பி அனுப்பும், தம்பி."

"மகளுக்கு என்ன சொல்லுறது?"

கேதீஸ்வரன் அங்கேயே நின்று தனுசியாவுக்கு அழைப்பு எடுத்தார். "பிள்ளை, கிழக்குக் கரைக்குச் சுவர் வேண்டாம்."

"ஏனப்பா? படத்திலை பாத்த எல்லாரும் வடிவெண்டுதானே சொல்லுகினம்?"

"வடிவுதான். செத்தவீட்டுக்கு வெள்ளை கட்டின வடிவு. அம்மாவுக்குப் படைக்க எங்கடை குளத்திலை ஒரு பிடி வல்லாரை இல்லைப் பிள்ளை."

"நீங்கள் தனியவோ படைச்சனீங்கள்?" என்று கேட்டாள். "ஓம்" என்றார். "உங்கடை விருப்பப்படி செய்யுங்கோ அப்பா" என்றாள்.

பார்த்தீபனுக்கு மனம் ஆறவில்லை. "மூண்டு பக்கமும் கட்டிப்போட்டு ஒரு பக்கத்தை விட்டால் ஊர் சிரிக்கும் ஐயா."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்காவது நாலு சனம் குளத்தடிக்கு வரட்டும்." கேதீஸ்வரன் சேற்றுக் கும்பியைக் காட்டினார். "உதைப் பக்குவமா அள்ளுவிச்சு அந்த வல்லாரைக்கு வழி விடும். மற்றப் பக்கங்களை என்ன செய்யிறதெண்டு அடுத்த கூட்டத்திலை கதைப்பம். முதல் ஆளாத் தங்கமுத்துவைக் கூப்பிடும். குளத்திலை பிழைக்கிற ஆக்களைக் கேளாமல் குளத்தைத் திருத்த வெளிக்கிட்டது என்ரை பிழை. கரை செத்தால் குளம் சாகும், தம்பி. குளம் செத்தால் பக்கத்திலை இருக்கிற மனுசன் தனிச்சுப்போவான். என்னைப் பாரும்."